கொல்லன் துருத்தியும் காண்டெஸா காரும்

வாடிப்பட்டிக்கு நான் எத்தனையோ காரியமாகப் போயிருக்கிறேன். நெல் பார்க்கப் போயிருக்கிறேன், பெண் பார்க்கப் போயிருக்கிறேன். ஆனால் இரவு பதினொரு மணிக்கு நாற்கரச் சாலையின் ஓரத்தில், ஆவி கக்கிக்கொண்டிருக்கும் ஒரு காருக்குப் பின்னால் நின்று, வருகிற லாரிகளுக்கெல்லாம் மேல்துண்டை ஆட்டிக்கொண்டிருக்க நேர்ந்தது இதுவே முதல் தடவை. காருக்குள் என் அக்காளும், அவள் மருமகளும், ஐந்து வயதுப் பேரனும் இருந்தார்கள். பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி, சாலைக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பின் வேலியோரம் கொண்டுபோய் உட்காரவைக்கும் வரை எனக்கு உயிர் உயிராக இல்லை.

கார் என் அக்காள் மகனுடையது. பழைய காண்டெஸா. திண்டுக்கல்லில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கொடைரோடு தாண்டும் வரையில் அவன் தன் காரின் மகிமையைப் பாடிக்கொண்டே வந்தான். பாண்டியராஜபுரம் வந்ததும் முன்புறத்திலிருந்து பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு ரப்பர் தீயும் வாடை. பிறகு மூச்சு முட்டிய மனிதனைப்போல் என்ஜின் திணறியது. அவனோ மானம் போய்விடுமே என்று இன்னும் சில பர்லாங் தூரம் அதை மிதித்து மிதித்து ஓட்டிப் பார்த்தான். கதை அங்கே முடிந்தது.

அந்த இரவைப் பற்றி எழுதுவது என் நோக்கமல்ல. அதற்குப் பிறகு ஒரு மாத காலமாக எங்கள் குடும்பத்தில் நடந்துவரும் விவாதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த விவாதத்தில் நான் ஒரு கட்சி. என் அக்காள் மகனும், அவனுக்கு யோசனை சொல்லும் மதுரைப் பட்டறைக்காரரும் எதிர்க்கட்சி. பத்திரிகையில் எழுதும் சௌகரியம் எனக்கு மட்டும் இருப்பதால் இந்தச் சண்டை சமமானதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நடந்தது இதுதான். அந்தக் காரில் பையன் ஒரு சூப்பர்சார்ஜரை மாட்டியிருந்தான். ஏதோ ஒரு ஜப்பான் காரிலிருந்து கழற்றிய பழைய சரக்கு. மறுநாள் காலையில் வாடிப்பட்டி டிராக்டர் மெக்கானிக் ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே பல்சக்கரங்களுக்கென்று தனியாக இருக்கவேண்டிய எண்ணெயில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. பேரிங் இறுகிப்போயிருந்தது. அது நின்றதும் அதைச் சுழற்றிய பெல்ட் வழுக்கி, தேய்ந்து, தீய்ந்து, அறுந்துவிட்டது. தண்ணீர்ப் பம்ப்பையும் அதே பெல்ட்டில்தான் மாட்டியிருந்தார்கள்! பெல்ட் போனதும் தண்ணீர் ஓட்டம் நின்றது, ஹெட் காஸ்கெட் வெடித்தது, ஹெட்டும் வளைந்துவிட்டது.

"ஐயா, இதுக்கு எண்ணெய் மாத்தணும்னு யாரும் சொல்லலையாய்யா?" என்று மெக்கானிக் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அக்காள் மகனைப் பார்த்தேன். அவன் தென்னந்தோப்பைப் பார்த்தான்.

இதிலிருந்து பையன் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? "சூப்பர்சார்ஜர் சரிப்படாது மாமா. டர்போதான் சரி. பட்டறை அண்ணனும் அதைத்தான் சொல்றாரு." இதற்காக அக்காளின் எட்டுப் பவுன் சங்கிலியை அடகு வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மோட்டார் சமாசாரம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பெட்ரோல் தனியாக எரிவதில்லை. தன் எடையைப்போல் பதினான்கு, பதினைந்து மடங்கு காற்று அதற்கு வேண்டும். ஆகவே ஒரு என்ஜினின் பலம், அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. இழுத்தது போதாது என்று வெளியிலிருந்து ஒரு துருத்தியை வைத்து ஊதினால் பலம் கூடும். கொல்லன் உலைக்களத்தில் செய்கிற அதே வேலைதான். உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860ல் பேடண்ட் வாங்கிய காற்றூதி, இரும்பு உருக்கும் உலைகளுக்கு ஊதிப் பெயர் வாங்கிய பிறகுதான் மோட்டார் காருக்கு வந்தது. இன்றைக்கும் பல சூப்பர்சார்ஜர்கள் அந்த வம்சம்தான்.

இந்தத் துருத்தியை என்ஜினே பெல்ட் போட்டுச் சுழற்றினால் அது சூப்பர்சார்ஜர். புகைக்குழாய் வழியாக வீணே போகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றைத் தள்ளினால் அது டர்போ. ஆல்பிரட் பூச்சி என்ற ஸ்விஸ் இஞ்சினீயர் இதற்கு 1905ல் பேடண்ட் வாங்கினார். முன்னது எஜமானிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு உழைக்கும் வேலைக்காரன். பின்னது எச்சில் சோற்றில் வயிறு வளர்த்து உழைப்பவன். சிக்கனத்தில் பின்னவன்தான் உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால் எந்த வீட்டில் அவனை வேலைக்கு வைப்பது என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா?

டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுழல்கிறது. சாதாரணமாக அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அந்த எண்ணெய் என்ஜினிலிருந்தே வரவேண்டும். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு டீக்கடை வாசலில் சட்டென்று சாவியைத் திருப்பினால், எண்ணெய் நின்றுவிடும். சக்கரமோ நெருப்பாய்க் காய்ந்தபடியே இருக்கும். தங்கிய எண்ணெய் வெந்து கரியாகி, வரும் வழியை அடைக்கும். ஒரு நிமிஷம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்து என்று லாரிக்காரர்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். சொல்லுங்கள்: கைப்பிடி அளவு எண்ணெயை மாற்ற மறந்தவனிடம், ஒவ்வொரு தடவையும் நிமிஷக் கணக்குப் பார்க்க வேண்டிய யந்திரத்தை ஒப்படைக்கலாமா? தோற்றது சூப்பர்சார்ஜர் அல்ல. சோறு போடாமல் கட்டிவைத்த மாடு செத்துவிட்டதென்று, "மாடு வேண்டாம், குதிரை வாங்கு" என்கிறார் பட்டறைக்காரர்.

உஷ்ணம் இன்னொரு சங்கதி. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும்: பம்ப்பின் அடி சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும். சூடேறிய கலவை, நேரத்துக்கு முன்பே தானாக வெடித்துப் பிஸ்டனைச் சுத்தியால் அடிப்பதுபோல் அடிக்கும். தொழிற்சாலையில் டர்போ வைத்துக் கட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, பிஸ்டனைப் பலப்படுத்தி, காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைத்து, பெட்ரோலைத் துளித்துளியாக அளக்க ஒரு மின்மூளையும் வைக்கிறார்கள். காண்டெஸாவில் இருப்பது கார்புரெட்டர்! டர்போவின் அடுப்பு அதற்கு ஒரு முழ தூரத்தில் எரியப்போகிறது.

இந்த மோகம் ஏன் வந்தது என்று யோசித்தேன். காண்டெஸாவின் முகம்தான் காரணம். நீண்ட மூக்கு, அகன்ற தோள். இந்தியாவின் 'மஸில் கார்' என்று பையன்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரின் உடலை எடுத்து 1984ல் இங்கே கொண்டுவந்தபோது அதற்குள் வைத்தது அம்பாஸடரின் 1,489 சி.சி. என்ஜினை. சுமார் 50 குதிரை சக்தி. பயில்வான் சட்டைக்குள் கணக்குப்பிள்ளை! பிறகு ஜப்பானின் இசுசு என்ஜின், 1.8 லிட்டர், வந்தது. அதுவும் 90க்குச் சற்றுக் குறைவுதான். 2002ல் வண்டியே நின்றுவிட்டது.

அசல் மஸில் கார்க்காரர்கள் என்ன செய்தார்கள்? 1964ல் பாண்டியாக் ஜி.டி.ஓ. வந்தபோது, நடுத்தரமான உடலுக்குள் 6.4 லிட்டர் என்ஜினை இறக்கினார்கள். ஊதலும் இல்லை, துருத்தியும் இல்லை. பெரிய நெஞ்சு, பெரிய மூச்சு, அவ்வளவுதான். பிற்காலத்தில் 2015ஆம் வருட மாடலாக வந்த டாட்ஜ் ஹெல்கேட்டில் சூப்பர்சார்ஜர் வைத்து 707 குதிரை சக்தி எடுத்தார்கள். அதன் சூப்பர்சார்ஜரை முழு வேகத்தில் சுழற்றுவதற்கு மட்டும் சுமார் 80 குதிரை சக்தி செலவாகிறதாம். அதாவது என் அக்காள் மகனுடைய காரின் மொத்தச் சொத்தும் அந்தக் காரின் விசிறிக்கூலிக்குத்தான் காணும்!

ஊதலை நம்பிக் கெட்டவர்கள் சாமானியர்களும் அல்ல. இங்கிலாந்தில் பெண்ட்லி கார்களைப் படைத்த டபிள்யூ. ஓ. பெண்ட்லிக்குச் சூப்பர்சார்ஜர் அறவே பிடிக்காது. பிர்கின் என்ற பந்தய வீரர் பிடிவாதமாக 4.5 லிட்டர் பெண்ட்லிக்கு அதை மாட்டினார். பார்க்க அழகான வண்டி. இன்றைக்கும் படம் எடுத்து மாட்டுகிறார்கள். 1930ல் லெ மான் பந்தயத்தில் அந்த வண்டிகள் பாதியிலேயே நின்றுவிட்டன. முதலாவதாக வந்தது, பெண்ட்லி தம் வழியில் செய்த, ஊதலில்லாத ஆறரை லிட்டர் வண்டி. டர்போவின் கதையும் உண்டு. 1962ல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவுடன் வந்தது. வெடிப்பைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அவ்வப்போது ஊற்றிக்கொள்ளவேண்டும். அமெரிக்கர்களும் மனிதர்கள்தானே, ஊற்ற மறந்தார்கள். கார் இரண்டு வருஷத்தில் மறைந்தது. பல வண்டிகளில் டர்போவைக் கழற்றியே போட்டுவிட்டார்கள். வாடிப்பட்டியில் எண்ணெய் மாற்ற மறந்தவன் தனக்கு முன்னோர்கள் உண்டு என்று பெருமைப்படலாம்.

"அப்படியானால் இன்றைக்கு எல்லாக் காரிலும் டர்போ வருதே, அவங்கள்லாம் முட்டாள்களா மாமா?" என்று கேட்கிறான். நல்ல கேள்வி. முட்டாள்கள் அல்ல. டீசல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் டர்போ ஒரு வரப்பிரசாதம். 2020 ஏப்ரலில் நாடு முழுதும் வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகளுக்கு டீசல் என்ஜின் கட்டுப்படுவதற்கு அது பெரிய துணை. சின்னப் பெட்ரோல் கார்களில் அது நுழைந்ததற்கு என்ஜின் சாஸ்திரத்தோடு வரிச் சட்டமும் ஒரு காரணம். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அப்படிப்பட்டவற்றுக்கு 18 சதவீதம், மிஞ்சினால் 40. என்ஜினைச் சிறிதாக்கி ஊதிப் பெரிதாக்குவதில் லாபம் இருக்கிறது. வாங்கி முப்பது வருஷமான காண்டெஸாவுக்கு எந்தச் சர்க்கார் வரி குறைக்கப்போகிறது?

அவன் கடைசி அஸ்திரம் கொடைக்கானல். மலைமேல் காற்று இளைத்திருக்கிறது, என்ஜின் சோர்கிறது என்பது வாஸ்தவம். 1918ல் மோஸ் என்ற அமெரிக்கர் ஒரு விமான என்ஜினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்ததும் அதற்காகத்தான். ஆனால் இவன் கொடைக்கானல் போனது கலியாணமான புதிதில் ஒரே தடவை. மற்ற நாளெல்லாம் சமயநல்லூருக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவில் தேங்காய் வியாபாரமாக அலைகிறான். சிறுமலைக் காற்று சும்மா வீசுகிற அந்தச் சமவெளியில் காற்றுக்கு என்ன பஞ்சம்?

இந்த மதுரைச் சீமையிலேயே வண்டிக்காரர்கள் மூச்சை அடக்கி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டி. வி. சுந்தரம் அய்யங்காரின் கம்பெனி கரிவாயு யந்திரங்களைச் செய்து கொடுத்தது. மரக்கரிப் புகையில் ஓடும் பஸ்ஸுக்குப் பலம் கம்மி. பஸ் மெதுவாகப் போயிற்று, ஆனால் போயிற்று. ஜனங்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்தவர்கள் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தமாகச் சொல்லிற்று. அன்று இரவு ஒரு லாரி எங்கள் மேல் ஏறியிருந்தால் இன்ஷ்யூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறந்து பார்த்திருப்பார். பட்டறைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிரேக்கைப் பற்றியும் திறக்கவில்லை. கூடுதல் வேகத்துக்கு ரசீது போட்டவர், அந்த வேகத்தை நிறுத்துவது யார் என்று கேட்கவே இல்லை.

"சரி மாமா, ரெண்டுல ஒண்ணு கட்டாயம் வேணும்னா எது?" என்று போன ஞாயிற்றுக்கிழமை என்னை மடக்கினான். ரொம்ப நாழிகை யோசித்துத்தான் பதில் சொன்னேன். இந்தக் காருக்கு, இந்த ஆளுக்கு, இரண்டில் குறைந்த பாவம் சூப்பர்சார்ஜர்தான். மெதுவாக ஊதும்படி கப்பியைப் பெரிதாகப் போட்டு, தண்ணீர்ப் பம்ப்புக்குச் சம்பந்தமில்லாத தனி பெல்ட்டில் மாட்டி, எண்ணெய் மாற்றும் தேதியை நாட்காட்டியில் எழுதிவைத்தால் அது உழைக்கும். ஆனால் அதற்கும் முன்னால் ஹெட்டைச் சீர் செய்யவேண்டும். ரேடியேட்டர், பிரேக், டயர் மூன்றையும் புதுப்பிக்கவேண்டும். அதற்கு எட்டுப் பவுனில் இரண்டு பவுன்கூட ஆகாது. அதைச் செய்து ஆறு மாதம் ஓட்டிப் பார். அதற்குப் பிறகும் ஊதல் ஆசை இருந்தால் என்னிடம் வா என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். அக்காள் சங்கிலியைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்; அது அவனுக்குத் தெரியாது, இதை அவன் படித்தால் தெரிந்துவிடும். காண்டெஸா இன்னும் வாடிப்பட்டியில், அந்த டிராக்டர் மெக்கானிக்கின் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நேற்று அவர் போன் பண்ணினார். ஹெட்டை மதுரைக்கு அனுப்பித் தேய்த்து வாங்கியாயிற்றாம், காஸ்கெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"அந்த ஊதுற சாமானை என்னய்யா செய்யிறது?" என்று கேட்டார்.

"தம்பி வந்து எடுத்துக்கொள்வான்" என்றேன்.