கையாற் செய்த கருவிகள்

பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர் பலர், தராசைக் கண்ணாடிப் பேழைக்குள் கண்டதன்றிக் கையால் தொட்டறியார். உடைந்தால் விலைகொடுக்க நேருமென்று உபாத்தியாயர் பேழையைப் பூட்டுகிறார். மாணவரோ முந்தின ஆண்டுக் குறிப்பேட்டினின்றும் எண்களைப் பெயர்த்தெழுதுகிறார். இதனைச் செய்முறைக் கல்வியென அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

சங்கரன்கோவிலையடுத்த குருவிகுளம் போன்ற சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இக்குறை நீங்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்பெற்ற கோவில்பட்டி அருகிலேயே உள்ளது. தீப்பெட்டியின் உட்பெட்டி இரண்டும், ஒரு குச்சியும், நூலும் இருப்பின் தராசு ஆயிற்று. புதிய ஊசிக்குழலால் அளந்த 5 மில்லிலிட்டர் நீரே 5 கிராம் படிக்கல். நூலிற் கட்டிய கல்லின் நடுவரை நீளம் 1 மீட்டராயின், அது 20 முறை ஆடி மீள ஏறக்குறைய 40 விநாடி ஆகும். அதனின்றும் புவியீர்ப்பின் வேகவளர்ச்சியைக் கணித்துவிடலாம்.

கரிசற் சீமையில் வெயிலுக்குப் பஞ்சமுண்டோ? முகம்பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, அதில் அரை சென்டிமீட்டர் துளையிட்டு, சூரியவொளியை 10 மீட்டர் அப்பாலுள்ள இருண்ட அறைச் சுவரில் வீழ்த்துக. அங்கே தோன்றும் வட்டம் ஏறக்குறைய 9.3 சென்டிமீட்டர் இருக்கும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அவ்விகிதப்படி அதன் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டரென மாணவனே கண்டுகொள்வான். ஒளிவரும் கண்ணாடியை நேரே நோக்கலாகாது, சுவரையே நோக்குக.

இவை ஏழைக்கேற்ற விளையாட்டென்று இகழ்வார் உளர். 1898-ல் ஜகதீச சந்திர போஸ் மின்னலைகளின் அதிர்வுத்தளத்தைத் திருப்பிக் காட்டியது முறுக்கிய சணலைக் கொண்டன்றோ! மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் 1972-ல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டமும் எளிய பொருள்களையே நாடியது. அங்கு 1978-ல் சென்ற அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வுக் குழாயால் இணைத்து வடிவங்கள் அமைத்தார்.

நுட்பம் குன்றுமென்னும் ஆட்சேபம் மெய்யே. நல்ல வெப்பமானியும் மின்னளவியும் விலைக்கே வாங்கத்தக்கவை. கையாற் செய்தல் அவற்றிற்கு ஈடாகாது. ஆயினும் தன் தராசு ஏன் ஒருபுறம் சாய்கிறதென்று தேடுபவன் நெம்புகோலின் இயல்பை உணர்கிறான். வாங்கிய தராசிலோ அவ்வினாவே எழுவதில்லை. ஆதலின் செய்முறைத் தேர்வில், மாணவன் தானே செய்த கருவி ஒன்றுக்கும், அதன் பிழையை அவன் அளந்துரைத்த முறைக்கும் தனி மதிப்பெண் வழங்கவேண்டுமென்பதே எமது கோரிக்கை.