மூலிகைன்னு எழுதினா முடி நம்பிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசி பெஞ்சில் தூங்கினவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இந்த மாதம் மட்டும் நம் குரூப்பில் "வறண்ட கூந்தலுக்கு மூலிகை ஷாம்பு, நிரந்தரத் தீர்வு" என்ற ஒரே விளம்பரத்தை நான்கு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் இரண்டு பேர் "வாங்கலாமுங்களா டீச்சர்?" என்று தனியாகவும் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முடி வறட்சியைக் குணமாக்குகிற ஷாம்பு என்று ஒன்று கிடையாது. மூலிகை போட்டாலும் கிடையாது, போடாவிட்டாலும் கிடையாது.

ஷாம்புவின் வேலை என்ன? எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போவது. ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். சோப்புப் பாடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தீர்களே, அதேதான். வறட்சி என்பது என்ன? முடியின் மேலிருக்கும் எண்ணெய்ப் பசை குறைந்து, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் செதில்கள் தூக்கிக்கொண்டு, தொட்டால் சொரசொரவென்று ஆகிவிடுவது. எண்ணெய் போனதால் வந்த தொல்லைக்கு, எண்ணெயை எடுக்கிற பொருளையே மருந்து என்று விற்கிறார்கள். நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

இன்னொன்று. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத கெராட்டின். அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. வலிக்கக்கூடத் தெரியாத பொருளுக்கு "வேர் முதல் நுனி வரை ஊட்டம்" எப்படிப் போய்ச் சேரும்?

சரி, பாட்டிலைத் திருப்புங்கள். முன்பக்கம் செம்பருத்தி, கற்றாழை, நெல்லிக்காய் எல்லாம் தோட்டம் போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் பாட்டிலுக்குள் இருப்பது. அழகுப் பொருள் என்ற உரிமத்தில் வருகிற ஷாம்புவில், அதிகம் இருப்பது முதலில் என்ற வரிசையில் பட்டியல் இருக்கும். முதலில் தண்ணீர். அடுத்து பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட். நீங்கள் காசு கொடுத்த செம்பருத்தி வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயுர்வேத உரிமத்தில் வருவது வேறு மாதிரி. மூலிகைகளை மில்லிகிராம் கணக்கில் வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் "பேஸ் க்யூ.எஸ்." என்று முடித்திருப்பார்கள். க்யூ.எஸ். என்றால் "தேவையான அளவு" என்பதற்கான லத்தீன் சுருக்கம். நுரை வருவதும் அழுக்குப் போவதும் அந்த இரண்டு எழுத்துக்குள் இருக்கிற சரக்கால்தான். சாம்பாருக்குப் பெருங்காயத்தை மட்டும் எடை போட்டு எழுதிவிட்டு, பருப்பு தேவையான அளவு என்று சொன்ன கதை.

"கெமிக்கல் இல்லாதது" என்பது அடுத்த புளுகு. சீயக்காயில் நுரை வருவது சாப்போனின் என்ற வேதிப்பொருளால். தண்ணீரே ஒரு வேதிப்பொருள். அந்தப் பக்கம் பார்த்தால், பூச்சாண்டி காட்டுகிற லாரெத் சல்பேட்டின் "லாரில்" பகுதியே தேங்காய் எண்ணெயிலிருந்தோ எண்ணெய்ப் பனைப் பருப்பிலிருந்தோ எடுப்பதுதான் வழக்கம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சுற்றிலும் தென்னந்தோப்பு வைத்துக்கொண்டு "லாரில்" என்ற பேரைக் கேட்டுப் பயப்படுகிறோம்!

இதைப் படித்துவிட்டு, "அதுக்குத்தானுங்க நாங்க சீயக்காய்க்கு மாறிட்டோம்" என்று துள்ளுகிறவர்களும் கொஞ்சம் உட்காருங்கள். சீயக்காயும் அரப்பும் எண்ணெயை எடுக்கிற பொருள்கள்தான். எண்ணெய் வைக்காத தலையில் சீயக்காயைப் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். நம் அமுச்சிகள் அதை வெறும் தலையில் போட்டதில்லை. முதலில் தலை நிறைய எண்ணெய், ஊறுவதற்கு நேரம், பிறகு வடிகஞ்சியில் கரைத்த சீயக்காய், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். அவர்கள் முடியைக் காப்பாற்றியது அந்த எண்ணெயும், அடிக்கடி அலசாமல் விட்டதும்.

இது வெறும் பாட்டி வைத்தியப் பேச்சு இல்லை. 2003-இல் ரேலே, மொஹிலே என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். முடியிலிருந்து புரதம் இழப்பதை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனியின் ஆய்வுப் பிரிவில். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் விளம்பரக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவேன்.

ஷாம்புவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவை ஊர் ஊராகக் கொண்டு போனார். அதுவரை பணக்கார வீட்டுப் பொருளாக இருந்தது, கூலி வேலைக்குப் போகிற பெண்ணின் கைக்கும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பாக்கெட் வந்த கையோடு எண்ணெயை நிறுத்திவிட்டு, தினமும் அலச ஆரம்பித்தோமே, அங்கேதான் வறட்சிக்கு நாமே வாசலைத் திறந்துவிட்டோம். இப்போது அதே வறட்சியைக் காட்டி மூலிகை பாட்டிலை நீட்டுகிறார்கள்.

"போட்டால் போகட்டும், என்ன நஷ்டம்?" என்பீர்கள். நஷ்டம் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பெண், தன் மகளுக்கு முடி வறண்டு கொட்டுகிறது என்று ஒரு வருடம் பாட்டில் மாற்றி பாட்டிலாக வாங்கியிருக்கிறாள். பிள்ளைக்கு எப்போதும் அசதி, எடை வேறு கூடிக்கொண்டே போயிருக்கிறது. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. முடி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, "இது இயற்கைதானே, கொஞ்ச நாள் பார்ப்போம்" என்ற நம்பிக்கை காதில் விழவிடவில்லை. இதுதான் எனக்கு ஆத்திரம். காசு போனால் சம்பாதிக்கலாம் சாமி, பிள்ளை சோர்ந்து கிடந்த ஒரு வருடத்தை எங்கே வாங்குவது?

இதே "ஹெர்பல்" பேரில்தான் கருப்பு மெஹந்தியும் விற்கிறது. மருதாணி சிவக்கும், கறுக்காது. தலையைக் கறுப்பாக்குகிற பொடிகள் பலவற்றில் இருப்பது பி.பி.டி. என்ற சாயம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும்.

நம் ஆனைமலைக் காட்டையும் மறந்துவிடாதீர்கள். காடரும் மலசரும் முள் கொடியோடு மல்லுக்கட்டிப் பறிக்கிற காய் சீயக்காய். 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளின் மீது அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பாட்டிலில் காட்டின் படத்தைப் போட்டு விலையை ஏற்றுகிறவர்கள், உள்ளே எவ்வளவு காய் போட்டோம் என்றாவது தெளிவாக எழுதட்டும்.

"எனக்கு அதைப் போட்டா மெத்துனு இருக்குதுங்களே டீச்சர்" என்பவர்களுக்கு: இருக்கும் கண்ணு. வழுவழுப்புக்கென்று சிலிகானோ, கொத்தவரை இனத்து விதைப் பிசினிலிருந்து செய்த பொருளோ சேர்த்திருப்பார்கள். அது முடியின் மேல் ஒரு பூச்சு. அடுத்த அலசலில் பெரும்பாலும் போய்விடும். பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மருந்து என்று மட்டும் நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். தினமும் ஷாம்பு வேண்டாம். போடும்போது மண்டைக்குப் போடுங்கள், நுனியைக் கசக்க வேண்டாம். பிறகு நுனிக்கு மட்டும் சாதாரண கண்டிஷனர். போர் உப்புத் தண்ணியில் குளிக்கிறவர்கள் கடைசி இரண்டு செம்பாவது நல்ல தண்ணியில் அலசுங்கள். அப்படியும் வறட்சி தீராமல் அசதியோ முடி கொட்டுவதோ சேர்ந்து இருந்தால், கடைக்குப் போகாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள்.

இன்றைய வீட்டுப்பாடம்: உங்கள் குளியலறையில் இருக்கிற பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். முன்பக்கம் வேண்டாம், அதை எல்லோரும் பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசிப்போம். லைக் மட்டும் போட்டுவிட்டு நழுவுகிறவர்களுக்கு ஆப்சென்ட்.