கிழங்குக்குக் கடிகாரம் தெரியாது

"வேலை நேரத்தை மாற்றுங்கள், கரண்ட் பில் குறையும்" என்று ஆலைக்காரர்களுக்குச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. யோசனை நல்லதுதான். ஆனால் எல்லா வேலையும் நாம் சொன்ன நேரத்துக்குத் தள்ளிப்போகாது.

நம் சேர்வராயன் மலையின் பாக்சைட் மேட்டூர் மால்கோவுக்குப் போனது பலருக்கு நினைவிருக்கும். அலுமினியம் எடுக்கும் தொட்டியில் சில மணி நேரம் மின்சாரம் நின்றாலே குழம்பு உறைந்துவிடும். ஏற்காட்டுக் காப்பியும் அப்படித்தான். அன்று பறித்த பழத்தை அன்றே பல்பரில் போட வேண்டும். பறிப்பு முடிந்து எடை போடவே மாலையாகிவிடும்.

அடிவாரத்துச் சேகோ ஆலைகளுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. மாவு தொட்டியில் தானாகவே அடியில் தங்கும். களத்தில் காயவைப்பது வெயில். நேரம் மாற்றக்கூடிய பெரிய வேலை கிழங்கு அரைப்புதான். அதையும் அதிகம் தள்ளிப்போட முடியாது. பிடுங்கிய மரவள்ளி ஓரிரு நாளில் கெட ஆரம்பித்துவிடும்.

2022 செப்டம்பர் கட்டண உயர்வில் காலை 6.30 முதல் 10.30 வரையும், மாலை 6 முதல் இரவு 10 வரையும் உச்ச நேரமாயின. அந்த நேரத்தில் ஓட்டினால் உயர் அழுத்த இணைப்புக்கு 25% கூடுதல். சிறு ஆலைகளுக்கும் அதையே விதித்து, பிறகு 15% ஆக்கினார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 20 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் 4 மணி நேரம் ஓடினால் சுமார் 60 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், 15% கூடுதல் 72 ரூபாய். அந்த 72 ரூபாயை மிச்சம் பிடிக்க நான்கு மணி நேரம் ஆட்களைச் சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுக்க முடியுமா? நூறு மோட்டார் ஓடும் பெரிய மில்லுக்கு அதுவே 25% கணக்கில் ஒரு நாளைக்கு 12,000 ரூபாய். அவர்கள் ஆள் வைத்து அட்டவணை போடலாம். சின்ன ஆலைக்கு இது வெறும் அபராதம்.

நேரத்தை மாற்றச் சொல்பவர்கள் மாற்றுவதற்கு லாபமும் காட்ட வேண்டும். சூரிய ஒளி நேரத்துக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20% குறைவாக இருக்க வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசு விதியே திருத்தியது. வெயிலை நம்பிப் பிழைக்கும் சேகோ ஆலைக்கு இதைவிடப் பொருத்தமான சலுகை இல்லை. அதை முதலில் சிறு ஆலைகளுக்கு முழுமையாகக் கொடுக்கட்டும். பகலில் அரைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களே அரைப்பார்கள்.