செம்பு உசத்தி, அலுமினியம் மட்டமா?

எந்த எலக்ட்ரிக்கல் கடையில் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "காப்பர்னா கண்ண மூடிட்டு வாங்கலாம் சார். அலுமினியம் எல்லாம் வேண்டாம், எரிஞ்சிடும்." ஏசி, ஸ்டெபிலைசர், போர் மோட்டார், ஒயர், சமையல் பாத்திரம் என எதைக் கேட்டாலும் இதே தீர்ப்புதான். செம்பு அசல் சரக்கு. அலுமினியம் கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்க நம் தலையில் கட்டுவது. இந்தத் தீர்ப்பு தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட. அலுமினியத்தால் நிஜமாகவே தீப்பிடிக்கக்கூடிய இடம் எது என்பதை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

செம்பில்தான் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பது முதல் வாதம். ஒரே தடிமனில் இரண்டு கம்பிகளை வைத்து அளந்தால் அது உண்மை. செம்பின் கடத்துதிறனை நூறு என்று வைத்தால் அலுமினியத்துக்கு 61 தான். ஆனால் ஒரே தடிமனில்தான் ஒப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம், அதே அளவு அலுமினியம் 2.70 கிராம். செம்புக் கம்பி செய்யும் வேலையை அலுமினியம் செய்ய வேண்டுமானால் குறுக்குவெட்டுப் பரப்பை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே கூட்டினால் போதும். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக்குப் பதில் 4 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் என்பது அந்தக் கணக்குதான். அப்படித் தடித்த பிறகும் அலுமினியக் கம்பியின் எடை செம்புக் கம்பியின் எடையில் பாதிதான். கிலோ விலையும் செம்பைவிட வெகு குறைவு. எடைக்கு எடை என்று பார்த்தால் மின்சாரத்தை அதிகம் கடத்துவது அலுமினியம்.

எடை வீட்டுச் சுவருக்குள் ஒரு பொருட்டில்லை. கோபுரத்தின் மேல் அதுதான் எல்லாம். 400 கிலோவோல்ட் கோபுரங்களில் பரவலாகத் தொங்கும் கம்பிக்கு லைன்மேன்கள் வழங்கும் பெயர் 'மூஸ்'. இந்தக் கம்பிகளுக்கெல்லாம் விலங்குப் பெயர்கள்தான்: 110 கேவி லைனுக்கு பாந்தர், கிராமத்து 11 கேவி கம்பங்களில் ராபிட், வீசல். மூஸ் கம்பியின் நடுவில் 7 எஃகு இழைகள், அவற்றைச் சுற்றி 54 அலுமினிய இழைகள், ஒவ்வொன்றும் 3.53 மில்லிமீட்டர். இழுவையைத் தாங்க எஃகு, மின்சாரத்தைத் தாங்க அலுமினியம். எஃகையும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் மூஸ் ஏறத்தாழ 2 டன். அதே மின்தடை கொண்ட செம்பு வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 2.9 டன் அளவுக்குப் போகும். கோபுரம் இன்னும் கனமாக வேண்டும், அஸ்திவாரம் இன்னும் ஆழமாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. மழைநாளில் உயரழுத்தக் கோபுரத்தடியில் கேட்கும் 'ஸ்ஸ்' என்ற சத்தம், கம்பியைச் சுற்றியுள்ள காற்றுக்குள் மின்சாரம் கசிவதால் வருவது. கம்பி தடிக்கத் தடிக்க அந்தக் கசிவு குறையும். அலுமினியம் தடிமனாக இருக்க வேண்டியிருப்பதைக் குறை என்கிறோமே, அங்கே அந்தத் தடிமன்தான் லாபம்.

மின் நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் வழியில் பெரும்பகுதியை அலுமினியத்தில்தான் கடக்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் சுற்றியிருப்பதுகூடப் பல இடங்களில் அலுமினியம்தான். "அலுமினியம் எரிஞ்சிடும்" என்பது பொதுவிதியாக இருந்தால் ஊரே இருட்டில் கிடந்திருக்கும்.

ஆனால் எரிந்ததும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. 1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியபோது அமெரிக்காவில் வீட்டு ஒயரிங்கை அலுமினியத்துக்கு மாற்றினார்கள். 1965 முதல் 1973 வரை ஏராளமான வீடுகள் அப்படிக் கட்டப்பட்டன. பிறகு ஸ்விட்ச் பெட்டிகளிலும் பிளக் பாயின்ட்களிலும் தீ விபத்துகள் தொடங்கின. 1972-க்கு முன் அலுமினிய ஒயரிங் செய்த வீடுகளில் ஒயர் இணைப்புகள் தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு, செம்பு ஒயரிங் செய்த வீடுகளைப்போல் 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. செம்பு கட்சிக்காரர்களின் வலுவான சாட்சி இதுதான்.

அந்த எச்சரிக்கையைக் கவனித்துப் படிக்க வேண்டும். அது குறிப்பிடுவது இணைப்புகளை. சுவருக்குள் நீளமாக ஓடிய கம்பி பெரும்பாலும் குற்றவாளி இல்லை. கம்பி ஸ்குரூவில் மாட்டியிருந்த அரை அங்குலம்தான் குற்றவாளி. அலுமினியத்தைச் சுரண்டிய கணமே அதன் மேல் ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும். துருவிலிருந்து அலுமினியத்தைக் காப்பது அந்தப் படலம்; மின்சாரத்தைக் கடத்தாததும் அதே படலம். சூடாகும்போது அலுமினியம் செம்பைவிட, இரும்பு ஸ்குரூவைவிட அதிகமாக விரியும். தொடர்ந்து நெருக்குதலில் இருந்தால் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். சூடு, விரிவு, தளர்வு, தளர்ந்த இடத்தில் இன்னும் சூடு என்று அது வளர்ந்துகொண்டே போகும். பிறகு அதற்கென வேறு கலவை அலுமினியம் வந்தது, அதற்கேற்ற டெர்மினல்கள் வந்தன. நம் மின்வாரியத் தொழிலாளர்கள் கம்பியின் நுனியில் லக் என்ற உலோகக் குழலை வைத்து நசுக்கி அழுத்துவதும், உள்ளே பேஸ்ட் தடவுவதும், செம்பும் அலுமினியமும் சந்திக்கும் இடத்தில் பைமெட்டல் லக் போடுவதும் இதற்காகத்தான்.

நம் ஊரில் நடப்பது என்ன? சர்வீஸ் ஒயர் அலுமினியம், வீட்டு ஒயர் செம்பு. இரண்டையும் கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். ஈரம் பட்டால் செம்போடு ஒட்டிய அலுமினியம் அரிக்கப்படும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்த வேலையை விரைவாகவே முடிக்கும். ஒரு நாள் விளக்கு மினுக்கும், டேப் உருகி நாற்றம் வரும். "அலுமினியம் ஒயர்ல, அதான்" என்று சொல்லிவிடுவார்கள். இணைப்பைக் கெடுத்த கை தப்பித்துவிடும், பழி உலோகத்தின் மேல் விழும். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இருபது முப்பது ரூபாய் லக் ஒன்று காப்பாற்றியிருக்க வேண்டிய வீடு அது.

அடுத்தது ஏசி. "100 சதவீதம் காப்பர் காயில்" என்ற ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குகிறோம். வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கை வைத்தாலே மடங்கிவிடும் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அவை அலுமினியம். செம்புக் குழாய் சூட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது, காற்றில் அதை இறக்கிவிடுவது அலுமினியத் தகடு. கார் ஏசியின் கண்டென்சரோ இன்று முழுக்க அலுமினியம். வெயிலில், தூசியில், குலுக்கலில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. செம்பு அரிக்காது என்பதும் சரியில்லை. ஈரமும் சில கரிம அமிலங்களும் சேர்ந்தால் செம்புக் குழாயின் சுவரில் எறும்புப் புற்றைப்போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், கேஸ் இறங்கிவிடும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: துளை விழுந்த செம்புக் குழாயை எந்த ஊர் மெக்கானிக்கும் பற்றவைத்துவிடுவார், அலுமினியத்தைப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வீட்டு ஏசிக்குச் செம்பு கேட்பதற்கு உருப்படியான காரணம் அதுதான்.

மோட்டார் விஷயத்தில் செம்பு கட்சி பாதி ஜெயிக்கிறது. காயில் கட்டும் ஸ்லாட்டின் அளவு மாறாது. அதற்குள் தடித்த கம்பியைத் திணிக்க முடியாது. ஆகவே இடம் குறைவான மோட்டாரில் செம்புதான் சரி. இதே மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஸ்லாட்டுகளில் உருக்கி வார்த்திருப்பது அலுமினியம். அது 660 டிகிரியில் உருகும், செம்புக்கு 1085 டிகிரி வேண்டும். வார்ப்பு அச்சின் ஆயுளே அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கோவைப் பம்புகளில் சிலவற்றில் செம்பு ரோட்டர் உண்டு, திறனும் கூடுதல். மற்றவற்றில் "காப்பர் மோட்டார்" என்று நாம் நம்பி வாங்குவது இரண்டும் சேர்ந்த மோட்டார்தான்.

பாத்திரத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. அலுமினியச் சட்டியில் சமைத்தால் மறதி நோய் வரும் என்பதற்கு நிரூபணம் இல்லை. புளிக்குழம்பை அதில் ஊறப் போடக் கூடாது என்பது சரி. அதே புளியை ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் வைத்தால் வாந்தி எடுக்க நேரும். ஈயம் பூசுகிறவர்கள் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தது அதனால்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். ஈயம் பூச வேண்டாத, தூக்க லேசான பாத்திரம் ஏழை வீட்டு அடுப்புக்கு வந்தது.

கடைசி வாதம், செம்பு காயலான் கடையில் நல்ல விலைக்குப் போகும் என்பது. போகும். வயல்காட்டு மோட்டார் கேபிளை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகிறவனுக்கும் அதே விலைதான் கிடைக்கிறது. நஷ்டப்படும் விவசாயியைக் கேட்டால் அந்த மதிப்பின் மறுபக்கம் தெரியும். அலுமினியத்தின் பக்கம் இருக்கும் உண்மையான குறை வேறு: தாதுவிலிருந்து ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் போகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் அதில் இருபதில் ஒரு பங்கு போதும். அலுமினியத்தை எதிர்க்க விரும்புகிறவர் அதைப் பற்றிக் கேட்டால் அது நியாயமான கேள்வி.

கண்ணை மூடிக்கொண்டு செம்பு வாங்குகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்திய ஒயர் சந்தையில் உண்டு. அப்படியே சொல்லி விற்றால் அதற்கும் உரிய இடம் இருக்கிறது. காப்பர் என்று சொல்லி, செம்புக்குக் கணக்கிட்ட தடிமனிலேயே விற்பதுதான் மோசடி. தேவையான குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்காமல் அந்த ஒயர் சூடாகும். ஒயரின் நுனியை உரித்து, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் செம்பே போடுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சர்வீஸ் ஒயர் வந்து சேரும் இணைப்பை முதலில் ஒரு நல்ல எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். மெயினை அணைத்துவிட்டு அவர் திறக்கட்டும். டேப் சுற்றிய முறுக்கு மட்டும் இருந்தால், லக் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.