கோபால் என்று அழைத்த குரல்



சரோஜாதேவி மாதிரி பேசிக் காட்டு என்றால், மிமிக்ரி தெரியாதவர்கூட ஒரு பெயரைத்தான் சொல்வார்: ‘கோபால்’. 1964-இல் வந்த ‘புதிய பறவை’யில் சிவாஜியை அவர் அழைத்த அழைப்பு அது. சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் படத்தில் அவர் நடித்த லதா, கோபாலிடம் உண்மையை வரவழைப்பதற்காகக் காதலியாக நடிக்க வந்த போலீஸ் பெண். நடிக்க வந்தவள் நிஜமாகவே காதலித்துவிட்டேன் என்று கடைசியில் சொல்கிறாள். அதை நாம் நம்பாவிட்டால் அத்தனை நேரம் கட்டிய கதையும் சரிந்துவிடும். நம்புகிறோம். விஷயம் தெரிந்தபின் மறுபடி பார்த்தேன். எந்த ‘கோபால்’ வரை நடிப்பு, எதிலிருந்து காதல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் எவ்வளவு பெரிய நடிகை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்தக் குரல் நம்ம ஊர்க் குரல். 1938-இல் பெங்களூரில் பிறந்தவர். அப்பா பைரப்பா போலீஸ் அதிகாரி. ஹொன்னப்ப பாகவதர் அவரை அறிமுகப்படுத்திய கன்னடப் படம் ‘மகாகவி காளிதாச’ 1955-இல் வந்தபோது அவருக்கு வயது 17. மூன்றே வருடத்தில் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’. அடுத்த வருடம் ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’. அக்காவுக்காகக் காதலை விட்டுக்கொடுத்த வசந்தியாக ஊரையே அழ வைத்தபோது அவருக்கு 21. தெலுங்கிலும் இந்தியிலும் நடித்தார். 1969-இல் பத்மஸ்ரீ, 1992-இல் பத்மபூஷண்.

அவர் தமிழில் கன்னடம் கேட்கும். தமிழ் ரசிகர்கள் அதைக் குறையாக எண்ணவில்லை. ‘கன்னடத்துப் பைங்கிளி’ என்று கொண்டாடினார்கள். சென்னைக்குப் போய் வாயைத் திறந்ததும் “பெங்களூரா?” என்று கேட்கப்படும் நமக்கெல்லாம் அந்தப் பெயர் எத்தனை தெம்பு! இரண்டு மொழிக்காரர்களுக்கும் மனக்கசப்பு வந்த நாட்களில்கூட, அவரை ‘எங்கள் சரோஜாதேவி’ என்று சொல்வதை இரு பக்கமும் விடவில்லை.

2025 ஜூலை 14 அன்று, மல்லேஸ்வரம் வீட்டில் 87-ஆம் வயதில் மறைந்தார். கண்களைத் தானம் செய்திருந்தார். சென்னபட்டணத்தை அடுத்த தசவாரா கிராமத்தில், அம்மா ருத்ரம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில், அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நடிக்க வந்த நாளிலிருந்து மகளுக்குத் துணையாக நின்ற அம்மா அவர்.

அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பெரியவர்களே, அவர் படத்தை முதன்முதலில் எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தீர்கள்? ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். கை நடுங்கினால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்