அணைச்சா போச்சு... யார் குத்தம்?

2008. மைசூர் குவெம்புநகர்ல வாடகை வீடு. ஸ்கூல்ல கன்னடம், வீட்டுலயாவது தமிழ்னு பிடிவாதமா இருந்த நேரம். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர்ல, நண்பர் கொடுத்த லைவ் சிடி லினக்ஸைப் போட்டு, மகள் முதல்முதலா தாத்தாவுக்குத் தமிழ்ல கடிதம் தட்டினா. அணைச்சோம். கடிதம் காலி.

"லைவ் சிடின்னா அப்படித்தான் சார், எல்லாம் ராம்ல ஓடுது"ன்னார் நண்பர். கொடுக்கும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

அந்த 'அப்படித்தான்' கூட சரியில்லைங்க. ஆஸ்திரேலியாக்காரர் பேரி கவுலர் 2003-ல் தொடங்கின பப்பி லினக்ஸ் அப்பவே அதே சிடியில சேமிக்கும். சிடியை எழுதும்போது கடைசியா மூடாம, மல்டிசெஷனா விடணும் (ரைட்டர் டிரைவும் வேணும்). அணைக்கும்போது அன்னிக்கு மாறினதை மட்டும் புது செஷனா எழுதும். அடுத்த தடவை எல்லாத்தையும் வரிசையா படிச்சு, பழசுக்கு மேல புதுசை வெச்சு, விட்ட இடத்துல நிறுத்தும். சிடி நிறைஞ்சா வேற மாத்தணும், வாஸ்தவம்.

இப்ப பென்டிரைவ் காலம். பெர்சிஸ்டன்ஸ் வைக்காம லைவ் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிற வள்ளல்கள் மட்டும் மாறவே இல்லை. இலவசத்துக்குக் கேள்வியான்னு சண்டைக்கு வராதீங்க. அந்தக் கடிதத்தை மகள் ரெண்டாவது தடவை எழுதவே இல்லை.