அல்காரிதம் பேப்பரில் அரியர் வைத்த பிள்ளைகளுக்காக

சொந்தபந்தங்களும் படியுங்கள், உங்கள் வீட்டுக் கதையும் இதுதான்.

போன வாரம் மட்டும் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம். அல்காரிதம் பேப்பர் அரியர். இப்போ ஏஐ-யே புரோகிராம் எழுதித் தருதே, இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?"

பிரயோஜனம் இருக்கிறது. நடத்துகிற விதத்தோடுதான் எனக்குச் சண்டை.

ஒரு பையனின் நோட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எந்த முறைக்கு எவ்வளவு நேரம் என்று பெரிய அட்டவணை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான். "ஏன்டா அப்படி?" என்றால் பதில் இல்லை. நோட்டு முழுக்க ஓர் இடத்தில்கூட அவன் கையால் எண்ணிப் பார்க்கவில்லை.

நாம் பள்ளியில் போட்ட பெருக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலக்க எண்களுக்கு நாலு சின்னப் பெருக்கல். இலக்கம் இரு மடங்கானால் வேலை நாலு மடங்கு. இந்த வேகத்தை மிஞ்ச முடியாது என்றுதான் ரஷ்யக் கணித மேதை கோல்மோகரோவ் நினைத்தார். 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அப்படியே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கரட்சுபா என்ற 23 வயது மாணவர், ஒரே வாரத்தில் மூன்றே பெருக்கல் போதும் என்று காட்டிவிட்டார்!

47 × 63 போட்டுப் பாருங்கள். 4 × 6 = 24. 7 × 3 = 21. பிறகு (4+7) × (6+3) = 99. அதில் 24-ஐயும் 21-ஐயும் கழித்தால் 54. இனி 2400 + 540 + 21 = 2961. அவ்வளவுதான்.

நாலு மூன்றானதில் என்ன பெரிய லாபம் என்பீர்கள். 1024 இலக்க எண்களுக்குப் பழைய முறையில் பத்து லட்சத்துக்கு மேல் சின்னப் பெருக்கல். பாதி பாதியாக வெட்டினால் பத்து தடவை வெட்டலாம், ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று. ஆக ஏறத்தாழ 59,000. கூட்டல் கழித்தல் கூடும், அதையும் எண்ண வேண்டும். அதனால் சின்ன எண்களுக்குப் பழைய முறையே மேல். பைத்தான் மொழி மிகப் பெரிய எண்களுக்கு உள்ளே செய்வது இந்தக் கரட்சுபா முறைதான்.

இன்னொன்று. 1962-இல் அந்தக் கட்டுரையை எழுதி மாணவர் பெயரில் அனுப்பியவர் கோல்மோகரோவ்தான். அச்சான பிரதி வந்தபோதுதான் கரட்சுபாவுக்கே தெரியும். வாத்தியார் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். அது எழுதித் தரும், சரி. ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயரோடும் ஒப்பிடுகிற புரோகிராம் 100 பேருக்கு ஏறத்தாழ 10,000 தடவை ஒப்பிடும். கண் சிமிட்டுவதற்குள் முடியும். பத்து லட்சம் பேருக்கு அதுவே ஏறத்தாழ லட்சம் கோடி தடவை. ஓடவிடுவதற்கு முன்பே இதைச் சொல்ல எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த எண்ணிக்கைக்குத்தான் கல்லூரியில் மார்க் போட வேண்டும், ஒப்பிப்பதற்கு அல்ல.

அரியர் வைத்த பையன்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வரட்டும். நோட்டும் பென்சிலும் போதும், லேப்டாப் வேண்டாம். டிபன் இங்கேயே.